அவிழ்க்காத தோரணம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

என் மகள் நித்யா பெங்களூரில் உங்களோடு வேலை செய்கிறாள். போன வாரம் பேசும்போது, "நைனா, எங்க டீம்ல புதுசா கொஞ்சம் பசங்க வந்துக்கீறாங்க. கம்ப்யூட்டர் கோடு எல்லாம் நல்லா எழுதறாங்க. ஆனா எதனா ஒண்ணு ஒடஞ்சிச்சின்னா கையும் ஓடல, காலும் ஓடல. உன் அனுபவத்த எழுதிக் குடேன்" என்றாள்.

"நான் பத்தாவதும் டைப்ரைட்டிங்கும் படிச்சவன். என்ஜினியருங்களுக்கு நான் இன்னாத்த எழுதறது?" என்றேன்.

"அதனாலதான் கேக்கறேன். உனக்கே புரிஞ்சதுன்னா அவங்களுக்கும் புரியும்" என்று சிரித்தாள். என் மகளுக்கு வாய் அதிகம். அவள் அம்மாவைப் போல.

நான் சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் இருந்துகொண்டு வேலை செய்தவன். முதலில் கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துக் கோத்துக் கொடுத்தேன். பிறகு கடைக்காரர்கள் எல்லாரும் வெப்சைட் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். ஒற்றை ஆள் வேலை. தளம் ஒழுங்காக ஓடினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். நித்யாவின் அம்மா போன பிறகு சில நாள் காலையில் மாடி ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம்தான் துணை. இப்போது சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டேன். இதைக்கூட எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் அடிக்கிறேன்.

தளத்தில் போகிறதை வழியிலேயே பிடித்துப் பார்க்கிற ஃபில்டர் ஹூக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சர்வர் வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனியில் வாடிக்கையாளர் குறையைக் கேட்கிற வேலை அவருக்கு. பெயர் கேட்டபோது, "பேரு எதுக்கு சார், டிக்கெட் நம்பர் சொல்லுங்க, போதும்" என்றார்.

அப்போது நான் ஒரு மாங்கூழ் வியாபாரியின் தளத்தில் கை வைத்திருந்தேன். பக்கத்துக்கு நிறமும் அமைப்பும் கொடுக்கிற ஸ்டைல்ஷீட்டுகளில் தேவையில்லாத ஒன்றை மட்டும் முதல் பக்கத்தில் நிறுத்தப் போய், மொத்த ஸ்டைல்ஷீட்டும் நின்றுவிட்டது. எழுத்தும் படமும் மேலிருந்து கீழே கொட்டி வைத்தது போல் கிடந்தன. வியாபாரி போனில் கத்தினார். "யோவ், இன்னாய்யா செஞ்ச? என் சைட்டு துணி இல்லாம நடுத்தெருவுல நின்னுகினு கீது!"

நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். என் கோடைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சார், நீங்க திருமலைக்குப் போயிருக்கீங்களா?"

"சித்தூர்க்காரன்கிட்ட கேக்கற கேள்வியாம்மா?"

"மலை அடிவாரத்துல, அலிபிரியில, பைய வாங்கிப் பாக்கறாங்க இல்ல? கூடாத பொருள் இருந்தா எடுத்துடறாங்க. இல்லன்னா அப்படியே திருப்பிக் குடுக்கறாங்க. ஃபில்டரும் அதான். வழியில நின்னு ஒவ்வொரு பையா வாங்கிப் பாக்குது. நீங்க எல்லார் பையையும் வாங்கிப் பாத்தீங்க. திருப்பிக் குடுக்கவே இல்ல. சனம் பை இல்லாம நிக்குது."

இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. உங்கள் கையில் வருவதை நீங்கள் மாற்றலாம், வெறுமையாக்கலாம். ஆனால் உங்களுக்குச் சம்பந்தமில்லாததை வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு சில தடவை அவரோடு பேசினேன். ஒரு நாள் அந்த எண்ணில் வேறு குரல் வந்தது. பெயர் தெரியாதவரை எப்படி விசாரிப்பது? நன்றி சொல்லாமலே போய்விட்டது.

இனி நான் சொல்ல வந்தது.

திருப்பதியில் ஒரு காப்பகம் இருக்கிறது. கூட்டத்தில் தொலைந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் நினைவு தப்பிக் கிடந்தவர்கள், தன் ஊர் சொல்லத் தெரியாதவர்கள், இவர்களைக் கொண்டுவந்து வைத்துச் சோறு போடுகிற இடம். அவர்களுடைய தளத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதில் முக்கியமான பக்கம் ஒன்றே ஒன்று: அங்கே இருப்பவர்களின் முகங்கள். படம், எங்கே கிடைத்தார், என்ன பேசுகிறார், கீழே காப்பகத்தின் போன் எண். அந்தப் பக்கத்தின் லிங்க்கை ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். தேடுகிறவர் யாராவது பார்த்துவிட்டு போன் செய்வார். வந்து கூட்டிக்கொண்டு போவார்.

காப்பகத்தின் வார்டன் சுலோசனாம்மா. தெலுங்குக்காரர். என்னோடு தமிழில் பேச ஆரம்பிப்பார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார்.

கார்த்திகை மாதம் மழையில் ஒரு நாள் அவர் கூப்பிட்டார். "அண்ணா, நாளைக்கி வேன் வருது. யாரும் தேடி வராதவங்கள கர்னூல் பக்கம் பெரிய ஹோமுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. இங்க இடம் இல்ல. அவங்க போட்டோ எல்லாம் தனியா ஒரு பேஜ்ல போடணும். நீங்க நேர்ல வந்து காட்டிக் குடுங்க."

"யார் யாரு போறாங்கம்மா?"

"ரேவதி அம்மாவும்தான்" என்றார்.

ரேவதி அம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். புரட்டாசிக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்ட் ஓரம் விழுந்து கிடந்தார். மூளையில் ஏதோ அடைப்பு என்று டாக்டர் சொன்னார். பேச்சு போய்விட்டது. மிச்சம் இருந்தது இரண்டே வார்த்தை: "ரேவதி வருவா." சாப்பாடு வேண்டுமா என்றால் ரேவதி வருவா. குளிர்கிறதா என்றால் ரேவதி வருவா. தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். நான் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்தும் அதையேதான் சொல்வார். நான், "வருவாம்மா, வந்துகினே இருப்பா" என்பேன்.

சித்தூரில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நாராயணவனத்துக்காரர் ஒருவர். முகூர்த்தங்களுக்குப் பூ கட்டிக் கொடுக்கிறவர். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "அப்படியா, நானும் நாலு பேருக்கு அனுப்பறேன் சார், லிங்க்க குடுங்க" என்றார். கொடுத்தேன். அவர் தன் போனில் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"ஒண்ணுமே வரல சார். வெள்ளையா கீது."

"மழை. சிக்னல் இருக்காது" என்றேன்.

"சிக்னலா? என் பொண்ணு இப்பதான் பேரன் ஆடற வீடியோ அனுப்பிச்சா, வந்துச்சே" என்று அதையும் காட்டினார். பையன் நன்றாகத்தான் ஆடினான்.

என் போனில் திறந்தேன். உடனே வந்தது. முகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் போனில் மறுபடி தட்டச் சொன்னேன். வெள்ளை. பஸ்ஸுக்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் எப்போதும் லாகின் செய்தே இருக்கிறேன். அந்தத் தளத்துக்குள் நான் வீட்டு ஆள். அவர் வெளியாள்.

காப்பகத்தில் இறங்கியதும் சமையல் செய்கிற அம்மாவின் போனை வாங்கித் திறந்தேன். வெள்ளை. என் போனில் லாகினை விட்டு வெளியே வந்து திறந்தேன். அதிலும் வெள்ளை. ரொம்ப நேரம் பொறுத்த பிறகு முகங்கள் மெதுவாக வந்தன. தன் அம்மாவைத் தேடுகிறவள்கூட அவ்வளவு நேரம் ஒரு வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா?

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. புரட்டாசியில் மலையில் நடக்கிற பிரம்மோற்சவத்துக்கு ஊர் முழுக்க லைட்டும் தோரணமும் கட்டுவார்கள் அல்லவா? சுலோசனாம்மாவுக்குக் காப்பகத்தின் தளத்திலும் தோரணம் கட்ட ஆசை. நான் அப்போது நித்யாவின் பிரசவத்துக்காக பெங்களூரில் இருந்தேன். நன்கொடை கொடுப்பவர் ஒருவரின் உறவுக்காரப் பையன் நல்ல மனதோடு ஒரு பிளகின், அதாவது தளத்தோடு ஒட்டவைக்கிற துணைக் கோடு, செய்து போட்டுக் கொடுத்தான். முகங்களை அழகாக வரிசைப்படுத்துவதும் அதுதான், மேலே மாவிலைத் தோரணம் கட்டுவதும் அதுதான். தோரணத்துக்கான ஸ்டைல்ஷீட் மட்டும் வேறு எங்கோ இருந்த ஒரு சர்வரிலிருந்து வரும். வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, லாகின் செய்தவர்களுக்குத் தோரணம் தெரியாதபடி வைத்திருந்தான். வெளியாளுக்கு மட்டும் தோரணம்.

திருவிழா முடிந்தது. தெருவில் கட்டியதை எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். இதை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்த சர்வர் செத்துவிட்டது.

ஸ்டைல்ஷீட் பக்கத்துக்கு உடுப்பு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். தலைப்பகுதியில் கேட்ட உடுப்பு வந்து சேரும்வரை பிரவுசர் பக்கத்தைக் கண்ணில் காட்டாது. அலங்காரம் முடியாமல் கல்யாணப் பெண்ணை மேடைக்கு அனுப்பாதது போல. பூ கொண்டுவருகிறவன் வரவே போவதில்லை, பெண் உள்ளேயே காத்திருக்கிறாள், பந்தலில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

நான் சுலோசனாம்மாவிடம் கேட்டேன். "அம்மா, போன் எப்ப இருந்து வரல?"

அவர் யோசித்தார். "பிரம்மோற்சவம் ஆனதுக்கு அப்புறம் கொறஞ்சு போச்சு அண்ணா. இப்ப ரொம்ப நாளா வர்றதே இல்ல. ஜனங்களுக்கு மனசு மாறிப்போச்சு. பெத்தவங்கள வேணாம்னு இங்க வந்து விட்டுட்டுப் போறாங்க. அதான் நெனச்சேன்."

"மனசு மாறலம்மா. பக்கம் தொறக்கல."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சமையல் அம்மாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தார். வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தேவுடா" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

நான் கேட்டுப் பக்கம் பார்த்தேன். ரேவதி அம்மா அங்கே இல்லை.

"இப்பல்லாம் அங்க போறதில்ல அண்ணா. பேசறதையும் விட்டுட்டாங்க. பின்னால செவுத்த பாத்து உக்காந்திருக்காங்க" என்றார்.

பிள்ளைகளே, பதறுகிறபோதுதான் புத்தி வேண்டும். எனக்கு அப்போது முதலில் தோன்றியது அந்த பிளகினையே நிறுத்திவிட வேண்டும் என்று. நிறுத்தியிருந்தால் தோரணத்தோடு முகங்களின் வரிசையும் போயிருக்கும். அடுத்து, அந்தப் பையனின் கோப்புக்குள் போய் அந்த ஒரு வரியை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிற பிளகின். என்றைக்காவது புதுப்பித்தால் என் திருத்தம் போய், தோரணம் மறுபடி வந்து தொங்கும். நான் அப்போது உயிரோடு இருப்பேனோ இல்லையோ. மூன்றாவதாக, அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்டைல்ஷீட்டும் வேண்டாம், எல்லாவற்றையும் வீசிவிடு என்று கோபம் வந்தது. கோபத்தில் எழுதிய கோடைக் கோபம் ஆறியதும் நாம்தான் திருத்த வேண்டியிருக்கும்.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அலிபிரி அம்மாவின் குரல் காதில் வந்தது. ஒவ்வொரு பையாக வாங்கு. பார். கூடாததை மட்டும் எடு. மற்றதைத் திருப்பிக் கொடு.

ஸ்டைல்ஷீட்டின் வரி பக்கத்தில் எழுதப்படுவதற்கு முந்தைய இடத்தில் ஒரு ஃபில்டர் வைத்தேன். பெயர் தோரணமா? வெற்றாகத் திருப்பு. வேறு எதுவோவா? வந்தபடி திருப்பு. அவ்வளவுதான். யாருடைய கோப்பிலும் கை வைக்கவில்லை. எல்லாம் சேர்த்துச் சில வரிகள். என் போனில் பார்க்கவில்லை. சமையல் அம்மாவிடம், "நீங்க தொறங்கம்மா" என்றேன்.

"வந்துட்ச்சி சார்! தோ, ரேவதி அம்மா!" என்றார்.

இங்கேதான் நம்மில் பல பேர் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நானும் மூடப்போனேன். அப்போது ஒன்று உறைத்தது. பக்கம் சரியாகிவிட்டது. ஆனால் வந்து வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது பழுது இல்லை, பதில். ஒரு தடவை பதில் கிடைத்துவிட்டதென்று நினைக்கிறவர்கள் மறுபடி வந்து கேட்க மாட்டார்கள்.

"அம்மா, ஊருக்கெல்லாம் சொல்லணும். நம்ம தப்பால பேஜ் தொறக்காம கெடந்துச்சி, மறுபடி பாருங்கன்னு" என்றேன்.

நம் தப்பை நாமே சொல்வதா என்று சுலோசனாம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மன தப்புன்னு மனமே செப்பாலா? டோனருங்க ஏமனுகுண்டாரு? இத்தன நாளா தூங்கினு இருந்தீங்களான்னு கேக்க மாட்டாங்களா? சும்மா லிங்க்க மறுபடி அனுப்புங்க, போதும்."

"சும்மா அனுப்பினா, இதத்தான் ஏற்கெனவே பாத்தமேன்னு தள்ளிட்டுப் போய்டுவாங்கம்மா."

"என் வேலை போய்டும் அண்ணா."

அது பொய்யில்லை. போகக்கூடியதுதான். அவர் எழுந்து பின்பக்கம் போனார். நானும் போனேன். ரேவதி அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாளைய பயணத்துக்காக ஒரு துணிப்பையில் அவருடைய இரண்டு புடவைகளை மடித்து வைத்திருந்தார்கள். சுலோசனாம்மா அந்தப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முந்து மீரு செப்பண்டி. மொதல்ல தமிழ்ல நீங்க பேசுங்க. தெலுகுல நான் பேசறேன்" என்றார்.

நான் போனில் குரல் பதிவு செய்தேன். எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. "இதுக்கு முன்னாடி நீங்க இந்தப் பக்கத்த தொறந்து பாத்து வெள்ளையா வந்திருந்தா, அது எங்க தப்பு. நீங்க தேடற ஆளு இல்லன்னு அர்த்தம் இல்ல. தயவுசெஞ்சி இன்னொரு வாட்டி தொறந்து பாருங்க." அவ்வளவுதான் சொன்னேன். சுலோசனாம்மா தெலுங்கில் அதைவிட நன்றாகச் சொன்னார். கடைசியில் தன் பெயரையும் சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இரண்டு பதிவுகளையும் பஸ்ஸில் பார்த்த பூக்காரருக்கு, நகரித் தறிக்காரர்களுக்கு, தெரிந்த ஆட்டோக்காரர்களுக்கு, தடா பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேன்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினோம். பிறகு காப்பகத்து போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

முதல் போன் வந்தது. சுலோசனாம்மா பாய்ந்து எடுத்தார். "மேடம், தரிசனத்துக்கு வர்றோம், ரெண்டு பேருக்கு ரூம் கெடைக்குமா?"

அடுத்தது ஒருவர் தன் தம்பியைக் கேட்டார். அடையாளம் சொன்னார். எங்களிடம் இல்லை. "இல்லீங்க" என்று சொல்லும்போது சுலோசனாம்மா குரல் இறங்கிவிட்டது. அதற்கு அடுத்தது ஒரு பெரியவரைத் தேடி. அவர் எங்களிடம் இருந்தார். அப்போது அங்கே எழுந்த கூச்சலை நான் சொல்ல முடியாது. சமையல் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். ஆனால் ரேவதியிடமிருந்து போன் வரவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து நான் சித்தூருக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் வேன் வந்ததைச் சுலோசனாம்மா பிறகு சொன்னார். ரேவதி அம்மாவை ஏற்றும் நேரத்தில், "இந்தம்மாவுக்கு ஜ்வரம், அனுப்ப முடியாது" என்றாராம்.

வேனில் வந்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சூடே இல்லை. "சல்லகா உந்தி கதம்மா?"

"உள் ஜ்வரம். தொட்டாத் தெரியாது" என்றாராம் சுலோசனாம்மா. அந்த ஆள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் போய்விட்டார். அடுத்த வேன் வரும்வரை அவகாசம்.

அடுத்து வந்த நாட்களில் நான் மாடி அறையில் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு வேறு வேலை செய்யப் பார்த்தேன். மழையில் ஜெராக்ஸ் கடையைத் திறக்கவில்லை. அந்தச் சத்தமும் இல்லை. ஒருவேளை உண்மையாகவே ஒருவரும் தேடவில்லையோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பழுது இருந்தவரைக்கும் ஒரு சமாதானம் இருந்தது. இப்போது பக்கம் திறக்கிறது, போன் மட்டும் வரவில்லை. அது இன்னும் கஷ்டம்.

ஒரு மத்தியானம் சுலோசனாம்மா கூப்பிட்டார். போனை வேறு யாரிடமோ கொடுத்தார்.

"சார், நான் ரேவதி பேசறன். நகரி." மூச்சு வாங்கியது. "தடாவுல கம்பெனில கீறன் சார். அம்மா ஊருல தறி ஓட்டிக்கினு இருந்தாங்க. பக்கத்து ஊட்டுக்காரங்களோட மலைக்கி வந்தாங்க. கூட்டத்துல உட்டுட்டாங்க. நான் எல்லா எடமும் தேடினன் சார். ஆஸ்டல்ல ஒரு பொண்ணு இந்த லிங்க்க அப்பவே குடுத்துச்சி. தொறந்தன். வெள்ளையா வந்துச்சி. தெனம் தொறந்தன். தெனம் வெள்ளை. ஆளு செத்துப்போனா பேஜ எடுத்துடுவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி சார். நான் அம்மா செத்துப்போயிட்டாங்கன்னு..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சுவரின் அந்தப் பக்கம் மகள் வரமாட்டாள் என்று அம்மா, இந்தப் பக்கம் அம்மா இல்லை என்று மகள். நடுவில் நாங்கள் கட்டிய ஒரு தோரணம்.

அவள் தடாவிலிருந்து வந்து சேர்ந்த அன்று நானும் போனேன். மெலிந்த பெண். கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தாள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனோம். ரேவதி அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அம்மா" என்று இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரொம்ப நாளாகப் பேசாத வாய் மெதுவாக அசைந்தது.

"ரேவதி வருவா" என்று அவளிடமே சொன்னார்.

சுலோசனாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெண் மட்டும் அழவில்லை. நான்தான் ரேவதி என்று வாதாடவும் இல்லை. அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "வருவாம்மா. எங்க போய்டப் போறா? வா, நம்ம ஊட்டாண்ட போயி உக்காந்து பாத்துக்கினு இருக்கலாம்" என்றாள். கை கொடுத்தாள். அவர் எழுந்தார்.

புடவைப் பையை நான்தான் ஆட்டோவரை எடுத்துக்கொண்டு போனேன். ஏறும்முன் அம்மா அந்தப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

சுலோசனாம்மாவின் வேலை போகவில்லை. திட்டு வாங்கினார். அவர் காப்பகத்தில் இன்னும் முகங்கள் இருக்கின்றன. சிலருக்கு போன் வரவேயில்லை, இனி வருமா என்றும் தெரியாது. ஆனால் அது பக்கத்தின் குற்றம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது நம் வேலை. ஒருவர் வரவில்லை என்றால், அவருக்கு மனமில்லை என்று முடிவு செய்வதற்கு முன்னால், கதவு வெளிப்பக்கத்திலிருந்து திறக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நீங்கள் லாகின் செய்துகொண்டு உள்ளே இருந்து பார்த்தால் எல்லாக் கதவும் திறந்துதான் தெரியும்.

அந்த ஃபில்டர் இன்னும் அங்கே இருக்கிறது. புதியவர்கள் யாராவது அதைப் பார்த்து, இது எதற்கு என்று எடுத்துவிடுவார்களோ என்று மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். நீங்களும் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவரை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

எனக்கு இப்போது வேலை இல்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிறேன். பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால், காப்பகத்தின் அந்தப் பக்கத்தை உங்கள் போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள் என்று கேட்பேன். பலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். போனை ஏமாற்றி வாங்குகிறவன் என்று நினைப்பார்கள். போனைக் கையில் வாங்க மாட்டேன், நீங்களே தட்டுங்கள் என்பேன். போன வாரம் பலமனேரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பையன். சலித்துக்கொண்டே தட்டினான்.

"இன்னா சார் இது? ஏதோ மூஞ்சிங்களா வருது."

"வருதில்ல? போதும்பா" என்றேன்.